பூஜ் 7.7 என்றால் அகமதாபாத்தில் எவ்வளவு?

கேள்வி:
ஒன்பதாம் வகுப்புக்கு நிலநடுக்கப் பாடம் எடுக்கிறேன். 2001 ஜனவரி 26 குஜராத் பூஜ் நிலநடுக்கம் 7.7, மேல்மையம் (பூமிக்குள் அது தொடங்கிய இடத்துக்கு நேர் மேலே தரையில் உள்ள புள்ளி) பச்சாவ் பக்கம் என்றதும், "அப்போ அகமதாபாத்தில் எவ்வளவு சார்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். 5, 6 என்று ஏதாவது சொல்லலாமா? மேல்மையத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு ஒன்றும் வேண்டும்.

பதில் 1:
சொல்லிவிடாதீர்கள் சார். 7.7 என்பது நிலநடுக்கத்தின் அளவு. எந்த ஊரில் கேட்டாலும் அதே எண்தான். ஊருக்கு ஊர் மாறுவது செறிவு. மெர்கல்லி அளவையில் 1 முதல் 12 வரை, ரோமன் எண்ணில் எழுதுவார்கள். தூங்கியவர் விழித்தாரா, சுவரில் விரிசல் விழுந்ததா, கட்டடமே சரிந்ததா என்று பார்த்துத் தருவது அது.

தூரம் போகப்போகச் செறிவு குறையும். ஆனால் 200 கி.மீ.க்கும் மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. சபர்மதியின் வண்டல் மண் அதிர்வைப் பெருக்கியது. வண்டி நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தில் சுவர் எழுப்பாமல் வெறும் தூண்களில் நிறுத்திய கட்டடங்கள் பல அந்தத் தளத்திலேயே மடிந்தன.

அளவில் 1 கூடினால் அலையின் வீச்சு 10 மடங்கு, ஆற்றல் சுமார் 32 மடங்கு. தேர்வில் பாதிப் பேர் இரண்டுக்கும் 10 என்றே எழுதுவார்கள்.

பதில் 2:
கணக்குக்கு: பூமியின் மேலோட்டில் முதலில் வந்து சேரும் முதன்மை அலைக்கு நொடிக்கு 6 கி.மீ., பின்னால் வரும் இரண்டாம் நிலை அலைக்கு 3.5 கி.மீ. என்று வையுங்கள். இரண்டும் ஒரு நிலையத்துக்கு வந்து சேரும் நேரங்களுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு நொடி இடைவெளிக்கும் 8.4 கி.மீ. தூரம் வரும். இடைவெளி 30 நொடி என்றால் 252 கி.மீ. சரிபார்க்க: 252 ஐ 6 ஆல் வகுத்தால் 42, 3.5 ஆல் வகுத்தால் 72, வித்தியாசம் 30.

இது தூரம் மட்டுமே, திசை தெரியாது. அதனால் மூன்று நிலையங்களைச் சுற்றி, அந்தந்தத் தூரத்தை ஆரமாக வைத்து, வட்டம் போட வேண்டும். இரண்டே வட்டம் என்றால் இரண்டு இடத்தில் வெட்டும். நிலநடுக்கப் பதிவுத் தாளில் இரண்டாம் நிலை அலை தொடங்கும் இடத்தை விட்டு அதன் உச்சியில் அளவுகோலை வைப்பதுதான் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் பிழை. 5 நொடி தவறினால் 42 கி.மீ. போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சரியாக அளந்தும் வட்டங்கள் ஒரு புள்ளியில் சேராமல் சிறு முக்கோணம் விழுகிறதே?

பதில் 2:
விழும். நமக்குக் கிடைப்பது பூமிக்குள் இருக்கும் மையத்துக்கான தூரம், மேல்மையத்துக்கானது அல்ல. பூஜ் போல 16 கி.மீ. ஆழம் என்றால் 252 கி.மீ.யில் அரை கி.மீ.தான் வேறுபடும். 30 கி.மீ.யில் இருக்கும் நிலையத்தில் அந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.