பவுலிங் அரங்கத்தை மூடியது யார்?

மேப்பிள்தடம்:
பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்த்து விளையாடிய நம் பவுலிங் அரங்கம் இருந்த இடத்தைப் போன வாரம் பார்த்தேன். எட்டுத் தடங்களும் போய்விட்டன; வண்டிகள் நிற்கின்றன. அசல் மரத்தடங்கள் அவை. பந்து வந்து விழும் முதல் 15 அடிக்கு மேப்பிள், நடுவே பைன், கட்டைகள் நிற்கும் மேடைக்கு மறுபடியும் மேப்பிள். அடி வாங்கும் இடத்துக்கு மட்டும் கடினமான மரம் என்பது கணக்கு. நிலத்தின் விலை ஏறியதும் உரிமையாளர் எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு விற்றுவிட்டார். பேராசை, வேறென்ன?

செவ்வாய்லீக்:
உரிமையாளரைத் திட்டுவது சுலபம். நீங்கள் கடைசியாக அங்கே பந்து உருட்டியது எப்போது, நண்பரே? செவ்வாய்க்கிழமை லீக்கில் எட்டு அணிகள் இருந்தன, கடைசியில் மூன்று. பந்தை விடும் கோட்டிலிருந்து முதலில் நிற்கும் தலைக்கட்டை வரை 60 அடி, கோட்டுக்கு முன்னால் ஓடி வர 15 அடி, கட்டைகளுக்குப் பின்னால் அவற்றை நிறுத்தும் இயந்திரம். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் இத்தனை இடத்துக்கும் விளக்கு எரிய வேண்டும், தடத்துக்கு எண்ணெய் பூச வேண்டும். வாரம் தவறாமல் வருகிறவனை நம்பிய தொழில் அது. பிறந்தநாளுக்கு ஒருமுறை வந்து படம் எடுத்துப் போகிறவர்களால் நடக்காது.

மேப்பிள்தடம்:
ஏன் வரவில்லை என்று கேளுங்கள். மூன்றாம் தடத்தில் பந்து உள்ளே போனால் திரும்பாது. ஐந்தாம் தடத்தில் ஒன்பது கட்டைகளை நிறுத்திவிட்டு இயந்திரம் ஓய்வெடுக்கும். ஒரே பந்தில் பத்தையும் சாய்ப்பதுதான் ஸ்ட்ரைக்; தொடர்ந்து நான்கு ஸ்ட்ரைக் அடித்த அன்று இருபது நிமிடம் கைகட்டி நின்றேன். கை ஆறிவிட்டது, அடுத்த பந்து நேராக ஓரப் பள்ளத்தில். முழுப் புள்ளியான 300 எடுக்கத் தொடர்ந்து பன்னிரண்டு ஸ்ட்ரைக் வேண்டும், எனக்கு ஐந்தாவதே வாய்க்கவில்லை. பராமரிக்காமல் விட்டவர்தான் ஆட்களை விரட்டினார்.

இயந்திரத்துக்குப்பின்னால்:
அந்த இருபது நிமிடமும் உள்ளே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, குறுக்கே சிக்கிய பத்தாவது கட்டையை உருவிக்கொண்டிருந்தவன் நான்தான், ஐயா. ஆயிரக்கணக்கான பாகங்கள் கொண்ட இயந்திரம்; உதிரிபாகம் கிடைப்பதில்லை. எட்டாம் தடத்தைப் பிரித்துத்தான் மற்ற ஏழையும் ஓட்டினேன். அதனால்தான் எட்டில் எப்போதும் ‘பழுது’ பலகை தொங்கியது. கயிறு கட்டி இழுத்து நிறுத்தும் கட்டைகளுக்கு மாறலாம் என்று உரிமையாளர் சொன்னார். பாகங்கள் குறைவு, பழுது குறைவு. வேண்டாம் என்றவர்கள் யாரென்று லீக்காரரைக் கேளுங்கள்.

செவ்வாய்லீக்:
வேண்டாம் என்றோம், மறைக்கவில்லை. கட்டையின் தலையில் கயிறு கட்டினால் அது தன் போக்கில் உருண்டுபோய் இன்னொன்றைத் தள்ளாது. சில சமயம் கயிறே பக்கத்துக் கட்டையை இழுத்துச் சாய்த்துவிடும். 2023-இல் அமெரிக்காவில் இந்த விளையாட்டுக்கு விதி வகுக்கும் அமைப்பான ஐக்கிய அமெரிக்க பவுலிங் காங்கிரஸ் அதை ஏற்றபோதுகூடத் தனிப் பிரிவாகத்தான் ஏற்றது.

மேப்பிள்தடம்:
அப்படியானால் ஆட்களே வரவில்லை என்று என்னிடம் சண்டை போட்டது எதற்கு? கயிற்றுக் கட்டையாவது இன்று நின்றிருக்கும்.

செவ்வாய்லீக்:
நின்றிருக்கும். நான் போயிருக்க மாட்டேன்.

இயந்திரத்துக்குப்பின்னால்:
கடைசி நாளில் ஒரு கட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். 15 அங்குல உயரம். வயிற்றுப் பகுதியில் வெள்ளைப் பூச்சு பிளந்து மரம் தெரிகிறது. அது தலைக்கட்டையா என்று பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் இயந்திரம் இடம் மாற்றித்தான் நிறுத்தும். எல்லாக் கட்டையும் ஒருநாள் தலைக்கட்டைதான் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.