[கலைச்சொல்] "எக்கனாமிக் வெல்-பீயிங்" - வியாழனுக்குள்ள ஒரு சொல் வேணும்

நெல்லைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பி.ஏ. சமூகவியல் தமிழ் மீடியம் பசங்களுக்காக ஒரு பாடம் மொழிபெயர்த்துட்டு இருக்கேன், வியாழக்கிழமை குடுத்தாகணும். அமெரிக்காவுல மயாமி ஊர்ல குடியேறின கியூபாக்காரங்களையும் ஹைத்திக்காரங்களையும் ஒப்பிடுற பாடம். ரெண்டு பேரும் கரீபியன் கடலைத் தாண்டி அதே ஊருக்குத்தான் வந்தாங்க, கியூபாக்காரங்க கூட்டத்துல பேங்க் முதலாளி, காண்ட்ராக்டர், 1985ல மேயர்னு வந்துட்டாங்க, ஹைத்திக்காரங்க கூட்டம் ஹோட்டல் ரூம் துடைக்கறது, முதியோர் இல்லத்துல ஆயா வேலை, டாக்சின்னே ரொம்ப நாள் கிடந்துச்சு, ஏன்னு கேக்குது. அதுல "எக்கனாமிக் வெல்-பீயிங்" பக்கத்துக்குப் பக்கம் வருது. வருமானம்னு போட்டா தப்பு, ஏன்னா வருமானம் அதுல ஒரு பகுதிதான், வீடு, சேமிப்பு, கடன், நாளைக்கு வேலை போனா எத்தனை மாசம் தாங்கும்ங்கற தெம்பு எல்லாம் சேர்ந்தது. பசங்களுக்குப் புரியணும், பரீட்சையில எழுதுற நீளத்துல இருக்கணும். சொல்லுங்க.

---

வாத்தியார் எழுதியது:

இதுல என்னம்மா குழப்பம், "பொருளாதார நல்வாழ்வு". போட்டுட்டு அடுத்த பக்கம் போங்க.

---

டேட்டா தம்பி எழுதியது:

சார், தமிழ்நாட்டுல "மக்கள் நல்வாழ்வுத் துறை"ன்னா ஆஸ்பத்திரி, கொசு மருந்து, தடுப்பூசி. பசங்க பொருளாதார நல்வாழ்வுன்னு பார்த்ததும் மருத்துவச் செலவுன்னு நினைச்சுக்குவாங்க. "பொருளாதார நலன்"னும் போட முடியாது, பேப்பர்ல "நாட்டின் பொருளாதார நலன்களைப் பாதுகாக்க"ன்னு எழுதறப்ப அங்க நலன்னா வேற அர்த்தம்.

---

வாத்தியார் எழுதியது:

நலமும் நலனும் ஒண்ணுதான் தம்பி. நிலம் நிலன், கலம் கலன் மாதிரி கடைப்போலி. பத்தாம் வகுப்புல படிச்சிருப்பீங்க.

---

டேட்டா தம்பி எழுதியது:

இலக்கணத்துல ஒண்ணு சார், பேப்பர்ல ரெண்டு. "உங்கள் நலம் விரும்பி"ங்கறதுக்கும் "சுயநலன்களின் மோதல்"ங்கறதுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் பாருங்க.

---

வேர்தேடி எழுதியது:

அன்பர்களே, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர்கள். "பொருளாதாரம்" என்பதில் ஆதாரம் வடசொல், அதை முதலில் வெட்டுங்கள். நம்மிடம் "ஆக்கம்" இருக்கிறது. ஆ, ஆகு, ஆக்கு, ஆக்கம். ஒன்று ஆகிக்கொண்டே இருப்பது, வளர்வது, பெருகுவது. "ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும் அசைவிலா ஊக்க முடையா னுழை" (குறள் 594). ஊக்கம் உள்ளவனை வழி கேட்டுக்கொண்டு செல்வம் தானே போகும் என்கிறார். குடியேறியவன் கதையே இதுதானே! இன்னொன்று, "ஆ" என்றால் பசு. ஆநிரையே அன்று செல்வம். "மாடு" என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள், "மாடல்ல மற்றை யவை" என்று கல்வி அதிகாரம் முடிகிறது. ஆகவே ஆக்கம் என்பதன் அடியில் ஆவே நிற்கிறது என்பது என் நெடுநாள் துணிபு. ஆக்கநிலை, மாட்டுநிலை என்று இரு கலைச்சொற்களைப் பரிந்துரைக்கிறேன்.

---

டேட்டா தம்பி எழுதியது:

"கியூபர்களின் மாட்டுநிலையும் ஹைத்தியரின் மாட்டுநிலையும் - ஓர் ஒப்பீடு". ஐயா, கிளாஸ் அன்னைக்கு நடக்காது.

---

ஸ்காபரோவான் எழுதியது:

வேர்தேடி ஐயா குறிச்சுக்கொள்ளுங்கோ, ஆக்கம் எண்டு போட்டால் பாடத்தின்ர கருத்தே தலைகீழாப் போயிடும். குறளில பிழையில்லை, இந்தக் கதைக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். கியூபாவில இருந்து புளோரிடா முனைக்கு 150 கிலோமீற்றர் வரும். ஹைத்தியில இருந்து கிட்டத்தட்ட ஆயிரம். அந்தத் தூரத்தைப் பாய்மர வள்ளத்தில, அதுவும் ஓட்டை வள்ளத்தில கடந்து வந்த சனத்துக்கு ஊக்கம் காணாது எண்டு ஆர் சொல்லுறது? ஆக்கம் வழி கேட்டுத்தான் போனது, ஆனா முதல்ல விசாவைக் கேட்டது.

1961ல கென்னடி காலத்திலேயே கியூப அகதியளுக்கெண்டு தனித் திட்டம் வந்திட்டுது, உதவிப் பணம், இங்கிலிஷ் வகுப்பு, தங்கட தொழிலைத் திருப்பித் தொடங்கப் பயிற்சி எல்லாம். 1966ல அவையளுக்கெண்டே சட்டம், வந்திறங்கி கொஞ்ச நாள் இருந்தால் நிரந்தர வதிவிடம். 65ல இருந்து 73 வரைக்கும் பிளேன் விட்டே கூட்டிக்கொண்டு வந்தவை. கியூபாவின்ர கம்யூனிசத் தலைவர் காஸ்ட்ரோவை விட்டு ஓடி வாறவன் எண்டால் பனிப்போரில அது அமெரிக்காவுக்கு வெற்றி. ஹைத்தியில ஆட்சியில இருந்தது டுவாலியர் குடும்பம், கம்யூனிசத்துக்கு எதிரி, அதால நட்பு நாடு. நட்பு நாட்டில இருந்து ஓடி வாறவனை எப்பிடி அகதி எண்டு சொல்லுறது? பிழைக்க வந்தவன் எண்டு எழுதிப்போட்டு மயாமிக்குப் பக்கத்தில குரோம் தடுப்பு முகாமுக்குள்ள வச்சிருந்தவை. 1981ல ரீகன் வந்தாப் பிறகு கடலிலயே மறிச்சுத் திருப்பி அனுப்பத் தொடங்கிச்சினம். ஹைத்திச் சனத்தின்ர கறுப்புத் தோலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு இருக்கேக்க "ஆக்கம்" எண்டு எழுதினால் படிக்கிற பிள்ளை என்ன நினைக்கும்? ஹைத்திக்காரன் சோம்பேறி எண்டு. ஊக்கம் உடையானுக்குத்தான் ஆக்கம் எண்டு பள்ளிக்கூடத்தில எல்லாரும் பாடமாக்கியிருக்கிறம்.

---

நெல்லைக்காரி எழுதியது:

அண்ணே, நீங்க சொன்னது அப்படியே பாடத்துல இருக்கு. "வரவேற்ற விதம்"னு ஒரு பிரிவே வருது. ஆக்கம் வேண்டாம். தவிர "உலகமயமாக்கம், தொழில்மயமாக்கம்"னு அது இப்ப வெறும் வாலாத்தான் தொங்குது. வேற?

---

வேர்தேடி எழுதியது:

சிலம்பின் இந்திரவிழவூரெடுத்த காதையை எடுங்கள். "பயனற வறியா யவனர் இருக்கையும்". பயன் அறவு அறியா, அதாவது வருவாய் அற்றுப்போதலை அறியாத யவனர் குடியிருப்பு. குடியேறிய சமூகம், அதன் குடியிருப்பு, அதன் பொருள்நிலை மூன்றையும் ஒரே அடியில் வைத்துவிட்டார் இளங்கோ. அதற்கடுத்தே "கலந்தரு திருவிற் புலம்பெயர் மாக்கள்" வருகிறார்கள். கப்பல் தந்த செல்வம் உடைய புலம்பெயர்ந்தோர்! பூம்புகாரில் புலம்பெயர்ந்தவன் செல்வத்தோடு வந்திருக்கிறான், அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்று வணிகக் குழுவாகவே அயலார் நம் கரையில் உரிமை பெற்றதற்குச் செப்பேடு இருக்கிறது. ஆகவே "பயனறவின்மை" என்பதே இதற்கு மூத்த சொல்.

---

வாத்தியார் எழுதியது:

பயனறவின்மை! வேர்தேடி, அந்த அடியை எடுத்துக் காட்டினதுக்கு ஒரு கும்பிடு, நான் அதை இப்படி யோசிச்சதே இல்ல. ஆனா பரீட்சை எழுதற பையன் "பயனின்மை"ன்னு எழுதிட்டு வருவான், மார்க் போடறவரும் அதுக்கு டிக் அடிப்பாரு.

---

டேட்டா தம்பி எழுதியது:

சொல்லை அப்புறம் பார்க்கலாம், முதல்ல எதை எண்ணப் போறோம்னு சொல்லுங்க. கிளாஸுக்கு நான் கற்பனையா ஒரு கணக்கு தரேன். ஒரு வீட்டுல ஆறு பேர், அதுல மூணு பேர் வேலைக்குப் போறாங்க, வீட்டு வருமானம் வருஷத்துக்கு 60,000 டாலர். பக்கத்து வீட்டுல வயசான தம்பதி ரெண்டே பேர், 40,000. வீட்டுக் கணக்குல முதல் வீடு மேல. தலைக்கு வகுத்தா 10,000க்கு 20,000. கியூபாக்காரங்கள்ல 60கள்ல வந்தவங்க எல்லாம் இப்ப பென்ஷன் வயசு, ஹைத்திக்காரங்க வீட்டுல சம்பாதிக்கற கை ஜாஸ்தி, சித்தி மாமான்னு ஒரே கூரைக்குள்ள இருப்பாங்க, அதனால எந்த எண்ணை எடுக்கறோம்ங்கறதைப் பொறுத்து விடையே மாறும். அது போதாதுன்னு ஹைத்திக்காரர் சம்பளத்துல ஒரு பங்கு ஊருக்குப் போயிடுது. ஹைத்தி நாட்டு மொத்த உற்பத்தியில ஐந்துல ஒரு பங்கு அளவுக்கு வெளிநாட்டுல இருக்கறவங்க அனுப்பற காசுதான். அது மயாமி வீட்டோட வருமானத்துல இருக்கும், வாழ்க்கையில இருக்காது.

அதனால "நிலை"ன்னு முடியற ஒரு சொல் வேணும், அளவிடறதுக்கு வாகா. இன்னொண்ணு, சராசரி போடாதீங்க அக்கா, இடைநிலை அளவு போடுங்க, அதாவது எல்லாரையும் வரிசையா நிறுத்தினா நடுவுல நிக்கறவரோட எண். நாலு கியூப கோடீஸ்வரன் சராசரியைத் தூக்கிட்டுப் போயிடுவான்.

---

ஸ்காபரோவான் எழுதியது:

தம்பி, அது இடையம். நாங்கள் இலங்கையில படிச்சது இடை (சராசரி), இடையம் (நடு எண்), ஆகாரம் (கூடத் தரம் வாற எண்). இடைநிலை எண்டால் எங்களுக்கு இடைநிலைப் பள்ளிக்கூடம்தான்.

---

டேட்டா தம்பி எழுதியது:

ஆகாரம்னா எங்களுக்கு சாப்பாடு அண்ணே. முகடுன்னு போடுவோம். இதைத் தொடங்கினா வியாழன் இல்ல, தீபாவளியே வந்துடும்.

---

ஸ்காபரோவான் எழுதியது:

சரி விடுறன். ஒண்டு மட்டும், கியூபர் எண்டு ஒரே மூட்டையாக் கட்டவேண்டாம். 1980ல கியூபாவின்ர மரியல் துறைமுகத்தால ஆறு மாதத்துக்குள்ள 125,000 பேர் வந்தவை, அதே காலத்தில ஹைத்தியில இருந்து 25,000 பேர் வரைக்கும். இந்த மரியல் சனத்துக்கு முந்தி வந்த கியூபரே முகம் குடுக்கேல்லை. முந்தி வந்தவைக்குக் கிடைச்ச பெரிய கை என்ன தெரியுமோ, மயாமியில சின்னச் சின்ன பேங்குகளில கடன் பிரிவில வேலைக்குச் சேர்ந்த, கியூபாத் தலைநகர் ஹவானா ஆக்கள், ஈடு ஒண்டும் கேக்காமல், "நீ ஹவானாவில இன்ன கடை வச்சிருந்தாய், உன்னை எனக்குத் தெரியும்" எண்டு தொழில் தொடங்கக் கடன் குடுத்தவை. பேரைப் பார்த்துக் கடன். எழுபதுகளின்ர தொடக்கத்தோட அது நிண்டுபோச்சு, ஏனெண்டால் பிறகு வந்த சனத்தை பேங்கில இருந்தவைக்குத் தெரியாது. இதுக்கு ஒரு சொல் கிடைச்சால் நல்லம்.

---

வாத்தியார் எழுதியது:

நாணயக் கடன். நாணயம்னா காசும்தான், சொன்ன சொல் மாறாத குணமும்தான். ஒரே சொல்லுல ரெண்டும் வந்துடுச்சு.

---

நெல்லைக்காரி எழுதியது:

சார்!! எடுத்துக்கிட்டேன். இதுக்கு யாரும் மறுப்பு சொல்லிராதீங்க. ஹைத்திக்காரங்க பக்கம் "சோல்"னு ஒண்ணு வருது, பத்துப் பேர் மாசாமாசம் காசு போட்டு முறைவச்சு ஒருத்தர் எடுத்துக்கறது. அதுக்கு நான் சீட்டுன்னே போட்டுட்டேன்.

---

வேர்தேடி எழுதியது:

நாணயம் வடசொல் என்போர் உளர். நான் அல்லன், நாண் என்ற தமிழ் வேரிலிருந்தே விளக்க முடியும், தனி மடலில் எழுதுகிறேன். சீட்டைப் பொறுத்தவரை, ஏலம் உண்டா, குலுக்கல் உண்டா என்று பார்த்தே சொல்லிட வேண்டும்.

---

டேட்டா தம்பி எழுதியது:

ஏலமெல்லாம் கிடையாது ஐயா, முறை வச்சு எடுக்கறதுதான். ஆனா அக்கா, பத்துப் பேரும் ஆயா வேலை பார்க்கறவங்கன்னா சீட்டுல ஒரு கார் வாங்கலாம், பேக்டரி வைக்க முடியாது. அங்கதான் நாணயக் கடனுக்கும் சீட்டுக்கும் வித்தியாசம், பாடத்துல ஒரு வரி சேர்த்துடுங்க. கூடவே, ஹைத்திக்காரங்க இன்னும் அங்கேயே நிக்கறாங்கன்னு பசங்க நினைச்சுடப் போறாங்க. நார்த் மயாமியில 2001லேயே ஹைத்தியில பிறந்தவர் மேயர் ஆயிட்டாரு.

சரி, தலைப்புச் சொல்லுக்கு என் ஓட்டு "வசதி". "அவங்க வசதியானவங்க"ன்னா வீடு, காசு, தெம்பு எல்லாம் வந்துடுது. வசதிநிலைன்னு போட்டா அளக்கவும் ஆச்சு.

---

வேர்தேடி எழுதியது:

வசதி, வஸதி. வடமொழியில் குடியிருப்பு, உறைவிடம் என்று பொருள். ஒப்பமாட்டேன்.

---

ஸ்காபரோவான் எழுதியது:

குடியேறின சனத்தைப் பற்றின பாடத்துக்கு உறைவிடம் எண்ட பொருள் உள்ள சொல் இன்னும் நல்லாப் பொருந்துது, ஐயா எங்கட கட்சிக்கே சாட்சி சொல்லியிருக்கிறார். என்ர வோட்டும் வசதிநிலைக்கு.

---

வாத்தியார் எழுதியது:

பேச்சுக்கு வசதி சரி. கேள்வித்தாள்ல "வசதிநிலையை விளக்குக"ன்னு வந்தா கழிப்பறை வசதி, குடிநீர் வசதின்னு எழுதி வச்சுட்டுப் போவான். பஞ்சாயத்து போர்டு வாசம் அடிக்குது. "நலநிலை" போடுங்க, பொருளாதார நலநிலை. நல்வாழ்வும் இல்ல, நலனும் இல்ல, தம்பி கேட்ட நிலையும் இருக்கு.

---

டேட்டா தம்பி எழுதியது:

உப்புச்சப்பில்லாம இருக்கு. ஆனா தப்பு சொல்ல முடியல. சரி.

---

ஸ்காபரோவான் எழுதியது:

எனக்கு வசதிதான். ஆனா அடிக்குறிப்பில போட்டால் சண்டை பிடிக்க வரமாட்டன்.

---

நெல்லைக்காரி எழுதியது:

பொருளாதார நலநிலை, முதல் தடவை வர்றப்ப பக்கத்துலயே "வசதி"ன்னு விளக்கம். முடிச்சுட்டேன், கோப்பு போயிருச்சு. எல்லாருக்கும் நன்றி. அடுத்த பாடம் ஜெர்மனியில துருக்கிக்காரங்க, "கெஸ்ட் ஒர்க்கர்"ஐ "விருந்தாளித் தொழிலாளி"ன்னு நேரா மொழிபெயர்த்தா சிரிப்பாங்களா?

---

வேர்தேடி எழுதியது:

நலம் என்பதே ஒரு நிலைதான். நலநிலை, கூறியது கூறல் என்னும் குற்றம். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். மேலும் ஹகரத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது, அந்நாட்டின் பெயரையாவது "அயித்தி" என்று திருத்தி அனுப்புக.

---

டேட்டா தம்பி எழுதியது:

எங்க ஊர்ப்பக்கம் அயித்தைன்னா அத்தை ஐயா. இதுக்கு வேற தலைப்புல மடல் தொடங்குங்க, இந்த இழை ஏற்கனவே என் போன்ல திறக்க மாட்டேங்குது.