விளையாடும்போது பிசி ரீஸ்டார்ட் ஆகிறது: 1,20,000 ரூபாவுக்குள் எதை மாற்றலாம்?

கொக்குவில் பெடியன்

வணக்கம். என்னுடைய பிசி 2019 இல் வாங்கியது. ரைசன் 5 1600 பிராசசர், பி450 மதர்போர்ட், 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி கிராபிக்ஸ் கார்ட். கேசிங்கோடு சேர்த்துத் தந்த 500 வாட் பவர் சப்ளை. மொனிட்டர் 1080பி.

வலோரண்ட் விளையாடும்போது ஆட்கள் கூடும் இடத்தில் படம் இழுக்கிறது. ஜிடிஏ 5 இலும் செட்டிங்ஸைக் குறைத்தால்தான் ஓடுகிறது. இப்போது புதுப் பிரச்சினை ஒன்று: இரவு ஏழு மணிக்குப் பிறகு விளையாடினால் திடீரென்று திரை கறுத்து, பிசி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. நீலத் திரை, எச்சரிக்கை எதுவும் வருவதில்லை. பகலில் இப்படி நடந்ததே இல்லை.

யாழ்ப்பாணத்தில் இரண்டு கடைகளில் கேட்டேன். ஒருவர் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்ட் போட்டால் எல்லாம் சரி என்றார். மற்றவர் மதர்போர்ட் முதல் எல்லாவற்றையும் ஏஎம்5 என்ற புதிய பிராசசர் சொக்கெட்டுக்கு மாற்றச் சொன்னார். இரண்டு வருடம் ரியூசன் படிப்பித்துச் சேர்த்த காசு, பிழையாகச் செலவழிக்கப் பயமாக இருக்கிறது.

பழைய வயர்மன்

தம்பி, காசை அப்படியே வைத்திரும். முதலில் மூன்று வேலை செய்யும்.

வலோரண்டை 1080பியில் ஓட்டி வினாடிக்கு எத்தனை பிரேம் (படம்) என்று குறித்துக்கொள்ளும். பிறகு படத்தின் ரெசொலூஷனை 720பிக்குக் குறைத்து அதே இடத்தில் பாரும். பிரேம் கூடாவிட்டால் பிராசசரோ ரேமோதான் தடை. நன்றாகக் கூடினால் கிராபிக்ஸ் கார்ட். ஜிடிஏயிலும் இதையே செய்யும்.

அடுத்தது, டாஸ்க் மனேஜரில் ரேமின் வேகம் எத்தனை என்று பாரும்.

கடைசியாக, பிளக்கைக் கழற்றிவிட்டு கேசிங்கின் பக்கத் தகட்டைத் திறந்து, பவர் சப்ளையின் ஸ்டிக்கரில் +12V என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று எழுதும். 500 வாட் என்ற பெரிய எழுத்தை விடும். பவர் சப்ளையை மட்டும் ஒருநாளும் திறக்க வேண்டாம், கரண்ட் இல்லாவிட்டாலும் உள்ளே கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும்.

கொக்குவில் பெடியன்

பார்த்தேன் அண்ணா. வலோரண்ட் 1080பியிலும் 720பியிலும் கிட்டத்தட்ட ஒரே பிரேம். ஜிடிஏயில் 720பிக்குக் குறைத்ததும் நன்றாக ஏறியது. ரேம் பெட்டியில் 3200 என்று இருக்கிறது, டாஸ்க் மனேஜர் 2133 காட்டுகிறது. பவர் சப்ளை ஸ்டிக்கரில் +12V க்கு 17A.

பழைய வயர்மன்

இப்போது கணக்குப் பார்ப்போம். 12 ஐ 17 ஆல் பெருக்கினால் 204 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் இந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன, ஆகவே உம்மிடம் இருப்பது 500 இல்லை, 204. அதுவும் அந்த ஸ்டிக்கரை நம்பினால்.

பிராசசர் முழு வேகத்தில் 88 வாட் வரை இழுக்கும், 1650 ஒரு 75 வாட். போர்ட், ஹார்ட் டிஸ்க், விசிறிகளைச் சேர்த்தால் விளிம்பில் நிற்கிறது. இரவு ஏழு மணிக்கு ஊர் முழுக்க லைட்டும் விசிறியும் போட்டதும் வீட்டுக்கு வரும் வோல்டேஜ் இறங்கும். மலிவான சப்ளை அந்த நேரம் தாக்குப்பிடிக்காது. உம்முடைய ரீஸ்டார்ட்டுக்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். இதில் 170 வாட் இழுக்கும் 3060 ஐப் போட்டிருந்தால் சப்ளை எரிந்திருக்கலாம், போகும்போது கார்டையும் கொண்டுபோயிருக்கலாம். அந்தக் கடைக்காரர் கேசிங்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

என் வரிசை: முதலில் 550 வாட் 80 பிளஸ் புரொன்ஸ் (மின்சாரத்தை வீணாக்காததற்கான சான்று) உள்ள சப்ளை, நல்ல பெயருள்ளது, புதியது. பாவித்த சப்ளை வேண்டவே வேண்டாம். அப்புறம் 8 ஜிபி இரண்டு ஸ்டிக் கொண்ட 3200 ரேம் செட். பயோஸில் (பிசியைத் தொடக்கும் போர்டின் மென்பொருள்) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை, ஓன் செய்யும், செய்யாதபடியால்தான் 2133 இல் ஓடுகிறது. பிறகு ரைசன் 5 5600. உம்முடைய பி450 போர்டே போதும், ஏஎம்5 க்குப் போனால் போர்டுக்கும் டிடிஆர்5 ரேமுக்கும் காசு முடிந்துவிடும். மிஞ்சுவதில் ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி, 132 வாட், 1080பிக்கு நல்ல கார்ட். காசு காணாவிட்டால் கார்டை மட்டும் பாவித்ததாக எடுக்கலாம், கடையிலேயே அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு.

திருநெல்வேலி அக்கா

தம்பி, நானும் இதே 1600 இலிருந்து 5600 க்கு மாறினேன். வேறொரு நன்மையும் உண்டு. விண்டோஸ் 11 க்கான பட்டியலில் 1600 இல்லை, 5600 இருக்கிறது. விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது.

ஆனால் இரண்டு இடத்தில் கவனம் தேவை. ஒன்று பயோஸ். பழைய பிராசசர் இருக்கும்போதே அப்டேட் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் 5600 ஐப் போட்டதும் திரையே வராது. அப்டேட் நடக்கும்போது கரண்ட் நின்றால் போர்ட் போய்விடும். பக்கத்து வீட்டில் யுபிஎஸ் இரவல் வாங்கி, காற்று மழை இல்லாத காலையில் செய்யுங்கள்.

மற்றது பிராசசர் மேல் இருக்கும் கூலரைக் கழற்றுவது. இடையில் பூசிய பழைய பேஸ்ட் இறுகி, நான் நேரே மேலே இழுத்தபோது லீவர் பூட்டியிருக்க பிராசசரும் கூலரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அடியில் 1331 பின்கள். ஓரத்தில் நான்கு வளைந்துவிட்டன. ஏரிஎம் கார்டின் விளிம்பை வரிசைகளுக்கு இடையில் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். நீங்கள் பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிட்டு, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகுங்கள். அது அசைந்த பிறகு தூக்குங்கள்.

பழைய வயர்மன்

அக்கா சொன்னது மிகச் சரி. இன்னொன்று: பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விலை குறைந்தால் கார்டை அங்கே எடும், சப்ளையை இங்கேயே வாங்கும். வாரண்டிக்கு ஒவ்வொரு முறையும் கொழும்புக்குப் பார்சல் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

கொக்குவில் பெடியன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முதலில் சப்ளையை மட்டும் மாற்றி, வேறு எதையும் தொடாமல் ஒரு வாரம் இரவில் விளையாடினேன். ஒருமுறைகூட ரீஸ்டார்ட் ஆகவில்லை. பிறகு ரேம். எக்ஸ்எம்பி போட்டதும் 1600 இல் 3200 நிலையாக ஓடவில்லை, 2933 க்கு இறக்கினேன். 5600 போட்ட பிறகு 3200 இல் சும்மா ஓடுகிறது. வலோரண்டில் அந்த இழுவை போய்விட்டது.

பயோஸை ஞாயிறு காலை ஆறு மணிக்கு, மாமா வீட்டு யுபிஎஸ்ஸில் செய்தேன். கூலர் திருகும்போது கை நடுங்கியது, ஆனால் பின் ஒன்றும் வளையவில்லை. நன்றி அக்கா.

6600 பாவித்ததாகக் கிடைத்தது, கடையில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன். காசு மட்டுமட்டாகப் போதுமாக இருந்தது. 1650 நல்ல நிலையில் இருக்கிறது, யாருக்காவது தேவையென்றால் சொல்லுங்கள். பழைய பவர் சப்ளையையும் ஒருவர் கேட்டார். 17A கணக்கைச் சொல்லி, கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.