கைவினைப் பொருள் ஆன்லைனில் விற்பவர்களே, கடையை மாற்ற வைத்த ஒரு சம்பவம் சொல்லுங்கள்

களிமண்கை

நானே ஆரம்பிக்கிறேன், இரண்டு வருடமாக மனதில் கிடக்கிறது. டெரகோட்டா நகை செய்கிறேன், திருவான்மியூரில், மொட்டை மாடியில் பானைக்குள் உமி போட்டுச் சுடுகிற வகை. இன்ஸ்டாவில் ஆரம்பித்து அப்புறம் சொந்தமாக வெப்சைட் போட்டேன். ஒரு நாள் மத்தியானம் காலிங் பெல். கதவைத் திறந்தால் ஒரு பெரியம்மா, பார்சலில் இருந்த அனுப்புநர் முகவரியைப் பார்த்து நங்கநல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். பையிலிருந்து சின்ன எவர்சில்வர் சம்படம் ஒன்றை எடுத்துத் திறந்தார். உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் என் ஜிமிக்கி.

"ஏம்மா, போட்டோவுல காது நிறைய இருந்துச்சே?"

கோபமே இல்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்கிற குரல். கேட்டுவிட்டு ஜிமிக்கியைத் தன் சுண்டுவிரல் நுனியில் கவிழ்த்தார், தொப்பி மாதிரி சிக்கென்று உட்கார்ந்தது. மருமகளின் வளைகாப்புக்குப் புடவைக்கு மேட்சாக வாங்கியதாம், வளைகாப்பு முந்தாநாளே முடிந்துவிட்டது. 1.5 செ.மீ. என்று நான் தெளிவாகப் போட்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன், இப்போது நினைத்தால் அதுதான் வெட்கமாக இருக்கிறது. "செ.மீ.யெல்லாம் யாரும்மா பாக்குறா, ஒரு காதுல மாட்டி எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமே" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கிட்டப் போய் எடுத்தால்தான் வேலைப்பாடு தெரியும் என்று எல்லாப் படத்தையும் திரை நிறைய எடுத்து வைத்திருந்தேன். அன்று சாயங்காலமே ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ரூபாய் காசு வைத்து மறுபடி எடுத்தேன், தங்கையின் காதில் மாட்டியும் எடுத்தேன். அந்த மருமகள் வளைகாப்புக்கு என்ன போட்டுக்கொண்டாளோ.

கொலுப்படி

ஒரு ரூபாய் காசு வைக்காதீர்கள் அக்கா. பழைய ஒரு ரூபாய் ஒரு அளவு, புதியது ஒரு அளவு, வாங்குபவர் மனதில் எது இருக்கிறதோ யாருக்குத் தெரியும். பத்து ரூபாய் காசு வையுங்கள், 27 மி.மீ., எல்லோர் வீட்டிலும் கடைக்காரர் வாங்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்த ஒன்றாவது கிடக்கும்.

என் கதை அளவுதான், ஆனால் வேறு அளவு. கொலு பொம்மை விற்கிறேன், காகிதக்கூழ் பொம்மைகள் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்தும் மண் பொம்மைகள் மதுரை விளாச்சேரியிலிருந்தும் எடுப்பேன். முதல் வருடம் "டெலிவரி இலவசம்" என்று பெரிதாகப் போட்டுவிட்டேன். வீட்டுத் தராசில் நிறுத்தால் கல்யாண செட் 900 கிராம்தான், பார்சலுக்கு எவ்வளவு ஆகிவிடப் போகிறது என்று கணக்கு. ஏழு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூரியர் ஆபீஸுக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பையன் தராசு பக்கமே திரும்பவில்லை. டேப்பை இழுத்தான், 40, 30, 20 என்று அளந்து மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்து, "4.8 கிலோ" என்றான். தம்பி, ஒரு கிலோகூட இல்லையே என்றேன்.

"மேடம், பொம்மைக்கு இல்ல, நீங்க உள்ள அடைச்சு வெச்சிருக்கிற காத்துக்குத்தான் காசு."

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் சத்தமாகவே சிரித்தார். ஏழு பெட்டிக்கும் காற்றுக்குக் காசு கட்டிவிட்டு வந்தேன், அந்த நவராத்திரியில் எனக்கு மிஞ்சியது சுண்டல்தான். உடையக் கூடாது என்று பெரிய பெட்டியாகப் பார்த்து வாங்கியதே நான்தானே. பெரிய பெட்டிக்குள் பொம்மை உருளும், உருண்டால்தான் மூக்கு போகும், அது அப்போது தெரியவில்லை. இப்போது பாரிஸ் கார்னரில் மூன்றே அளவில் மொத்தமாகப் பெட்டி வாங்குகிறேன். அதே செட் 30, 20, 15 பெட்டிக்குள் போய்விடுகிறது, கணக்குப் போட்டால் 1.8 கிலோ. ஒவ்வொரு பொம்மைக்கும் தனி அட்டை அறை, இடுக்கில் கிழித்த பேப்பர். முதல் பெட்டியை மட்டும் இடுப்பு உயரத்திலிருந்து மூன்று தடவை கீழே போட்டுப் பார்ப்பேன், வீட்டுக்காரர் அறையை விட்டு எழுந்து போய்விடுவார். இலவச டெலிவரியை எடுத்துவிட்டு, விலைக்குப் பக்கத்திலேயே அனுப்பும் செலவையும் போட்டுவிட்டேன். மண் பொம்மைக்கு இந்தக் கணக்கு உதவாது, அது நிஜமாகவே கனம்.

வேளச்சேரி_கோடிங்

காசும் பெட்டியும் அப்புறம், முதலில் பக்கம் திறக்கட்டும். சித்தி பத்தமடைக் கோரையில் பை, டேபிள் விரிப்பு எல்லாம் விற்கிறார், வெப்சைட் நான் போட்டுக் கொடுத்தது. தாம்பரம் - பீச் லோக்கலில் போய்க்கொண்டிருக்கிறேன், பக்கத்து சீட்டில் ஒரு பெண் போனில் ஏதோ திறக்கிறார், பார்த்தால் எங்கள் கடை! மேலே சித்தி தேர்ந்தெடுத்த அந்த மாம்பழ மஞ்சள். கிண்டியில் திறந்தார். படம் வரவில்லை, வட்டம் சுற்றுகிறது. சைதாப்பேட்டை தாண்டியது, முதல் பையின் கைப்பிடி மட்டும் வந்தது. மாம்பலம் வருவதற்குள் மூடிவிட்டுப் புடவை வீடியோவுக்குப் போய்விட்டார். அது எங்கள் சித்தி கடைதான், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் போனை எட்டிப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது. போட்டோகிராபர் கொடுத்த படங்களை அப்படியே ஏற்றியிருந்தேன், ஒவ்வொன்றும் 6 எம்.பி. வேலை பார்ப்பது ஐ.டி.யில், வெட்கக்கேடு.

இதைப் படிக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன், படத்தை 200 கே.பி.க்குள் சுருக்குங்கள், போனில் பார்க்க அது தாராளம். வீட்டு வைஃபையில் சோதிக்காதீர்கள், வைஃபையை அணைத்துவிட்டு லிஃப்டுக்குள் நின்று திறந்து பாருங்கள். படம் எடுக்க ஸ்டூடியோ வேண்டாம், காலை ஒன்பது மணிக்கு ஜன்னல் பக்கம் வெள்ளை சார்ட் பேப்பர் விரித்தால் போதும், டியூப்லைட்டில் எடுத்தால் மயில் கழுத்துப் பச்சை நீலமாகிவிடும், அப்புறம் கலர் வேறு என்று பார்சல் திரும்பி வரும். வாங்க வந்தவரிடம் கணக்குத் தொடங்கு, பாஸ்வேர்ட் வை, ஒரு பெரிய எழுத்து ஒரு எண் என்று படுத்தாதீர்கள், போன் நம்பரும் முகவரியும் போதும். பின்கோடை முதலில் கேளுங்கள், அதை வைத்து டெலிவரி நாளைச் சொல்லுங்கள். யு.பி.ஐ. பட்டன் மேலே இருக்கட்டும். பணத்தைப் பொருள் வந்ததும் தருகிறேன் என்பவர்களுக்கு ஒரு சிறு முன்பணமாவது வாங்குங்கள், இல்லையென்றால் கதவைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள், போக வர இரண்டு செலவும் உங்கள் தலையில். தேடல் பெட்டியில் "பாய்" என்று அடித்தாலும் வர வேண்டும், ஆங்கிலத்தில் அடித்தாலும் வர வேண்டும். "கையால் செய்தது, சிறு வேறுபாடு இருக்கும்" என்ற வரியைக் கீழே பொடி எழுத்தில் ஒளிக்காதீர்கள். அப்புறம் ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் பெரிய தளங்களில் கடை போடவே முடியாது, அதனால் சொந்த வெப்சைட்தான் ஒரே வழி, வேண்டுமானால் எனக்கு மெசேஜ் செய்யுங்கள்.

ஊசியும்_நூலும்

தம்பி, சம்பவம் கேட்டால் பாடம் எடுக்கிறீர்கள். எனக்கு வெப்சைட்டே கிடையாது, கொக்கி ஊசியில் நூல் கோத்து குரோஷே போடுகிறேன், வாட்ஸ்அப் கேட்டலாக்தான் கடை.

கொளத்தூரில் ஒரு அபார்ட்மென்ட் கண்காட்சி. ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து நான் போட்ட தொப்பியை எடுத்தார், குழந்தைக்குப் போட்டும் பார்த்தார், அவ்வளவு அழகு. விலை 850 என்றேன். அவர் போனை எடுத்து ஒரு ஆப்பில் தேடி என் முகத்துக்கு நேரே காட்டினார், அதே மாதிரி தொப்பி, 199. "இது மெஷின்ல போட்டதா இருக்கும்ல, உங்களுது கையில போட்டது, அதான் ரேட்டா?" என்று அவரே எனக்கு ஒரு வழியும் கொடுத்தார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். தெரிந்தே ஆட்டினேன். நிஜமான குரோஷேயைத் தொழிற்சாலை அளவில் போட இதுவரை மெஷின் கிடையாது, மெஷின் போடுவது நிட்டிங் என்கிற பின்னல் வகை, பார்க்கத்தான் அதுபோல இருக்கும். அவர் காட்டிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேனே, அது குரோஷேதான், கண்ணி கண்ணியாகத் தெரிந்தது. அப்படியென்றால் அந்த 199-உம் எங்கேயோ உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருத்தியின் கைதான். அவளுக்கு அதில் எத்தனை ரூபாய் போயிருக்கும்? அவள் வேலையை மெஷின் என்று சொல்லி என் தொப்பியை விற்கப் பார்த்தேன். விற்கவும் இல்லை, அவர் 199-ஐயே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து எல்லாப் பொருளுக்கும் கீழே எத்தனை மணி நேரம், என்ன நூல், நூலுக்கு எவ்வளவு என்று எழுதினேன். தொப்பிக்கு 7 மணி நேரம். "கைவினை" என்ற சொல்லை எடுத்துவிட்டேன், எல்லோரும்தான் போடுகிறார்கள். விற்பனை கூடியதா என்றால் இல்லை. பேரம் பேசுவது குறைந்தது.

கணக்குப்புலி

எனக்குக் கதை இல்லை, ஒரு திருத்தம். வேளச்சேரி சார் சொன்ன ஜி.எஸ்.டி. விஷயம் பழசு. 2023 அக்டோபர் 1-லிருந்து, விற்றுமுதல் வரம்புக்குள் இருக்கிற சிறு விற்பனையாளர்கள் பதிவு இல்லாமலே தளங்கள் வழியாகப் பொருள் விற்கலாம். ஜி.எஸ்.டி. தளத்திலேயே பான் கொடுத்து ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும், ஒரு மாநிலத்தில்தான் வாங்கலாம், வெளிமாநிலத்துக்கு அந்த வழியில் விற்கக் கூடாது. பயமுறுத்தி மெசேஜ் வாங்காதீர்கள்.

வேளச்சேரி_கோடிங்

நான் யாரையும் பயமுறுத்தவில்லை சார். மாநிலத்துக்குள் மட்டும் என்றால் பெங்களூரு ஆர்டருக்கு என்ன செய்வார்கள்? அதைத்தான் சொன்னேன்.

கணக்குப்புலி

அதைச் சொல்லவில்லை. "போடவே முடியாது" என்றீர்கள், மேலே இருக்கிறது.

ஈரப்பெட்டி

நீங்கள் இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணையில் தரைத்தளம். காரைக்குடி பக்கத்துப் பெண்களிடம் வாங்கிய பனையோலைக் கொட்டான் கூடைகள், பொங்கல் தாம்பூலத்துக்கென்று வந்து இறங்கி நாலு நாள்தான், நாற்பது இருந்தன. ராத்திரி தண்ணீர் ஏறும்போது அப்பாவையும் கேஸ் சிலிண்டரையும் மாடிக்கு ஏற்றினோம், கொட்டான் நினைவே வரவில்லை. மூன்று நாள் கரன்ட் இல்லை, சிக்னல் இல்லை. தண்ணீர் இறங்கியதும் எல்லாவற்றையும் படிக்கட்டில் காய வைத்தேன், ஒரு படிக்கு மூன்று. சிவப்புச் சாயம் ஊறி வெள்ளை ஓலையெல்லாம் ரோஸ், அடியில் பூஞ்சணம். அடுத்த தெருவில் ஜெனரேட்டர் ஓடுகிற வீட்டில் போனை சார்ஜ் போட்டு வாங்கி வந்து அதே படிக்கட்டில் உட்கார்ந்து ஆன் செய்தேன்.

டிங். டிங். டிங். பதினொரு ஆர்டர், எல்லாமே பணம் கட்டியது. கடை பாட்டுக்கு "40 இருப்பு உள்ளது" என்று சொல்லி விற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. எதிரில் அந்த நாற்பதும் நாறிக்கொண்டிருக்கின்றன.

எல்லோருக்கும் பணம் திருப்பினேன். பத்துப் பேர் ஜாக்கிரதை, வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டார்கள். ஒருவர் வடக்கே எங்கேயோ, அவர் நான் மெசேஜ் அனுப்புவதற்கு முன்பே ஒரு ஸ்டார் போட்டு "பணம் வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிடுகிறார்கள், ஏமாற்றுக் கடை" என்று எழுதிவிட்டார். அவர் ஊரில் வெயில் அடித்திருக்கும், அவருக்கு எப்படித் தெரியும். ஆனாலும் அந்தப் பத்துப் பேர் எழுதியது ஒன்றும் நினைவில்லை, இந்த ஒரு வரி மட்டும் மனப்பாடம்.

இப்போது வெளியூரில் இருக்கிற அண்ணியிடம் கடையின் பாஸ்வேர்ட் இருக்கிறது. மழை எச்சரிக்கை வந்தால் நான் சொல்லாமலே கடையை மூடிவிட்டு, "சென்னையில் மழை, ஆர்டர் எடுக்கவில்லை" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டுவிடுவார். சரக்கைப் பரண் மேல்தான் வைக்கிறேன். ஈர நாளில் ஓலைக்குப் பரணும் ஆகாது, அது வேறு கதை.

வாங்க_மட்டும்_வந்தவள்

நான் விற்பவள் இல்லை, மேற்கு மாம்பலத்தில் இருந்துகொண்டு வாங்குகிறவள். ஈரப்பெட்டி எழுதியதைப் படித்ததும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நானும் ஒரு ஸ்டார் போட்டவள்தான், வேறு கடைக்கு.

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை ஆர்டர் செய்தேன், அடி உருண்டையாக இருக்கிற ராஜா ராணி இல்லை, பாவாடை கட்டி ஆடுகிற பொம்மை. பெட்டியைத் திறந்தால் தலை தனி, உடம்பு தனி, பாவாடை தனி, ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. துண்டு துண்டாக உடைந்து வந்திருக்கிறது என்று படம் எடுத்து, ஒரு ஸ்டார் போட்டு, "கழுத்தறுந்த பொம்மை அனுப்பியிருக்கிறார்கள்" என்று வேறு எழுதினேன். எழுதும்போது நல்ல வரி என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சாயங்காலம் மாமியார் கோயிலிலிருந்து வந்தார், மேஜையைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் கம்பியில் ஒவ்வொன்றாக மாட்டி விரலால் லேசாகத் தட்டினார். தலை ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம் ஆடுகிறது. "ஏன் பெட்டியோட வெச்சிருக்கே?" என்றார்.

அழித்துவிடலாம் என்று போனால் அந்தத் தளத்தில் போட்டதை எடுக்க வழியே இல்லை. கடைக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன், "பரவாயில்லம்மா, வாரத்துக்கு ஒருத்தர் இப்படிக் கேக்குறாங்க" என்று பதில் வந்தது. வாரத்துக்கு ஒருவர் கேட்டால் பெட்டிக்குள் ஒரு சீட்டு வைத்திருக்கலாமே என்று மறுபடி கோபம் வந்தது, சொல்லவில்லை. போன மாதம் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். முதல் படத்தில் நாலு துண்டையும் வரிசையாகப் பரப்பி வைத்து, "உடையவில்லை, இப்படித்தான் வரும்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். கீழே என் ஒரு ஸ்டார் அப்படியே இருக்கிறது.

களிமண்கை

எல்லோருக்கும் நன்றி. கொலுப்படி, நீங்கள் சொன்னபடி போன வாரம் எல்லாவற்றையும் பத்து ரூபாய் காசோடு மறுபடி எடுத்தேன், அரை நாள் ஆயிற்று. இன்று காலையில் வாட்ஸ்அப்பில் ஒருவர்: "ஜிமிக்கி ஓகே மேடம், அந்தக் காசும் செட்ல சேர்த்தியா?"