கேட்கிற இருதயம்

32 வயதில் எங்கள் திருச்சபைக்குச் செயலாளர் ஆனேன். தூத்துக்குடி பக்கம் சின்ன கிராமம். தேர்தலில் ஜெயித்த அன்று ராத்திரி முழங்காலில் நின்று, “ஆண்டவரே, எதிர் அணிக்காரர்கள் முன்னால் என்னை வெட்கப்படுத்தாதேயும்” என்று ஜெபித்தேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

முதல் பெரிய வேலை அசனம். ஆலயப் பிரதிஷ்டை பண்டிகைக்கு ஊரே கோவில் வளாகத்தில் பந்தியில் உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடும். பழைய கணக்கைப் பார்த்து, அரிசி அதிகம் என்று 3 மூட்டையைக் குறைத்தேன். வருஷாவருஷம் சமையலை மேற்பார்க்கிற பெரியவர், “தம்பி, லீவுக்குப் பிள்ளைகள் எல்லாம் வந்திருக்கு, குறைக்காதீங்க” என்றார். அவர் எதிர் அணி. அதனாலேயே காதில் போட்டுக்கொள்ளவில்லை.

2 மணிக்குச் சோறு தீர்ந்தது. கடைசிப் பந்திக்காரர்கள் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். காத்திருந்து காத்திருந்து இலையின் ஓரம் சுருண்டது. பெரியவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி உலை வைத்தார்.

அன்று இரவு 1 இராஜாக்கள் 3ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். கிபியோனில் ஆயிரம் சர்வாங்க தகனபலி செலுத்திய சாலொமோனுக்கு, தேவன் சொப்பனத்தில் தரிசனமாகி, என்ன வேண்டும் என்று கேட்கிறார். ராஜாவோ தன்னைப் ‘போக்குவரவு அறியாத சிறுபிள்ளை’ என்கிறார். நீடித்த ஆயுளைக் கேட்கவில்லை, ஐசுவரியத்தைக் கேட்கவில்லை, சத்துருக்களின் பிராணனையும் கேட்கவில்லை. அந்த மூன்றாவதில் என் கண் நின்றுவிட்டது. அவர் கேட்டது ஞானமுள்ள இருதயத்தை. நம் வேதாகமத்தில் ‘ஞானமுள்ள இருதயம்’ என்று இருப்பது, எபிரெயத்தில் ‘கேட்கிற இருதயம்’ என்று எங்கள் சபைப் போதகர் ஐயர் பிறகு சொன்னார்.

விடிந்ததும் பெரியவர் வீட்டுத் திண்ணைக்குப் போய், “உங்க பேச்சைக் கேட்காதது என் தப்பு” என்றேன். அவர் உள்ளே போய் ஒரு பழைய நோட்டை எடுத்துவந்தார். எந்த வருஷம் எத்தனை பந்தி, எத்தனை மூட்டை, மழையா வெயிலா, எல்லாம் அதில் இருந்தது. “இதை நீங்களே வச்சுக்கிடுங்க” என்றார்.

* * *

மேலே அசனத்தைப் பற்றிச் சகோதரர் எழுதியதைப் படித்ததும் என் அத்தை ஞாபகம் வந்தது, என் மாமியார்தான். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு நான் தலைவியான புதிது. சந்தா வசூல், வியாதிக்காரர் வீட்டு ஜெபம், பண்டிகைச் சாமான் எல்லாவற்றையும் நானே இழுத்துப் போட்டுச் செய்தேன். தினமும் பெலன் தாரும் என்றே ஜெபம். ஒரு நாள் அத்தை, “நீ ஒருத்தியே அலையுற, மத்தவங்க சும்மா உட்கார்ந்திருக்காங்க. இது சரியில்லம்மா” என்றார்கள். சுருக்கென்றது.

யாத்திராகமம் 18 அப்படியே இதுதான். காலையிலிருந்து சாயங்காலம்வரை தனியாக வழக்குக் கேட்டுக்கொண்டிருந்த மோசேயிடம், மீதியான் ஆசாரியனான மாமனார் எத்திரோ ‘நீர் செய்கிற காரியம் நல்லதல்ல’ என்கிறார். தேவனோடு பேசிய மோசே, மாமன் சொல்லையும் கேட்டு ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று அதிபதிகளை வைத்தார். எனக்கும் பதில் அத்தை வாயில்தான் வந்தது என்று நம்புகிறேன்.

சந்தா நோட்டை ஒரு தங்கச்சியிடம் கொடுத்தேன். முதல் மாதமே கூட்டலில் 20 ரூபாய் உதைத்தது. நான் பேனாவை எடுத்தேன். அத்தை என்னைப் பார்த்தார்கள். கீழே வைத்துவிட்டேன். அரை மணி நேரம் விரல் விட்டு எண்ணி அவளே கண்டுபிடித்தாள்.