மதுரையில கட்டுற வருமான வரி மதுரைக்கு எவ்வளவு திரும்புது?

கேள்வி: நம்ம வருமான வரியில 41 சதவீதம் தமிழ்நாட்டுக்கே திரும்பிடும்னு சிம்மக்கல் டீக்கடையில அடிச்சுச் சொல்றாங்க. சரியாண்ணே? பிரிட்டன்ல இருக்கிற ஸ்காட்லாந்து மாதிரி வரி விகிதத்தை மாநிலமே வைக்க முடியாதா?

பதில் 1: இல்ல தம்பி. 41 எல்லா மாநிலத்துக்கும் சேர்த்து. மத்திய வரியை மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கிறது நிதிக்குழு. 15-வது நிதிக்குழு 2021-26-க்கு அதுல நமக்கு ஒதுக்கினது 4.079 சதவீதம். பகிர்வுத் தொகுப்பு, அதாவது மாநிலங்களோட பங்கு போடுற மத்திய வரி வசூல், 100 ரூபாய்னா அந்தக் கணக்குப்படி நம்ம கைக்கு 1.67. வரி மேல கூடுதலா போடுற செஸ், சர்சார்ஜ் தொகுப்புக்குள்ளயே வராது. கணக்கு இடிக்கிறது அங்கதான்.

பதில் 2: விவசாயம் தவிர்த்த வருமானத்துக்கு வரி போடுறது அரசியலமைப்போட ஒன்றியப் பட்டியல்ல இருக்கு, அதாவது மத்திய அரசு கையில. ஸ்காட்லாந்து 2017 ஏப்ரல்ல இருந்து சம்பள வரி விகிதத்தை வைக்குது. ஈடா லண்டன்ல இருக்கிற பிரிட்டன் அரசு ஸ்காட்லாந்துக்குத் தர்ற மானியத்துல கழிச்சுடும். வசூல் சுணங்கினா பற்றாக்குறை ஸ்காட்லாந்து தலையில.

பதில் 3: சம்பளத்துல பிடிச்சு நேரா மாநகராட்சிக்குப் போறது தொழில்வரி. அரையாண்டுக்கு அதிகபட்சம் 1,250. வருஷத்துக்கு 2,500-ங்கிற உச்சவரம்பு 1988-ல வச்சது, இன்னும் அசையல.