நியாய வணிக முத்திரை: கூடுதல் விலையில் விளைவிப்பவரின் பங்கு எவ்வளவு?

கேள்வி: தென்றல் (லண்டன்)

நான் வழக்கமாக வாங்கும் 200 கிராம் காபித் தூளுக்குப் பக்கத்திலேயே, நீலமும் பச்சையும் கலந்த நியாய வணிக (Fairtrade) முத்திரையுடன் இன்னொரு பொட்டலம் இருக்கிறது. விலை ஒரு பவுண்டுக்கு மேல் அதிகம். நியாய விலை என்றதும் எனக்கு நம் ஊர் ரேஷன் கடைதான் நினைவுக்கு வருகிறது. அங்கே நியாயம் வாங்குபவருக்கு. இங்கே விளைவித்து விற்பவருக்கு என்கிறார்கள். நான் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் காபி விளைவித்தவருக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையேன்.

பதில்: பழைய கணக்கன்

காபி ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் சில ஆண்டுகள் கணக்கெழுதியவன் என்பதால், கணக்காகவே சொல்லிவிடுகிறேன். முத்திரை பெற்ற, சிறு விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்கு இரண்டு வகையில் பணம் வருகிறது. முதலாவது அடிவிலை, அதாவது குறைந்தபட்ச விலை: கழுவிப் பதப்படுத்திய அரபிகா வகைக் காபிக்கு ராத்தலுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 1.80 டாலர் (2023 ஆகஸ்டுக்கு முன் 1.40). சந்தை விலை அதைத் தாண்டினால் சந்தை விலையே செல்லும். இரண்டாவது, எந்த விலைக்கு விற்றாலும் அதன்மேல் வைக்கப்படும் 20 செண்ட் சமூகத் தொகை. அதில் குறைந்தது 5 செண்டை விளைச்சலையும் தரத்தையும் உயர்த்தச் செலவிட வேண்டும். வறுக்கும்போது எடை குறைவதால், உங்கள் பொட்டலத்துக்கு ஏறக்குறைய 240 கிராம் பச்சைக் கொட்டை தேவை. அதற்குரிய சமூகத் தொகை 10 செண்டைச் சற்றே தாண்டும், உங்கள் காசில் சுமார் 8 பென்ஸ். சந்தை நன்றாக இருக்கும் ஆண்டில், அந்த ஒரு பவுண்டில் சங்கத்துக்குக் கூடுதலாகப் போவது அவ்வளவுதான்.

அதனால் முத்திரையே ஏமாற்று வேலை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 2001-இல் காபி விலை ராத்தலுக்கு 50 செண்டுக்கும் கீழே சரிந்து, மத்திய அமெரிக்காவில் பழத்தைப் பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாமல் போனபோது, இந்த ஏற்பாட்டில் விற்ற சங்கங்களுக்கு 1.26 டாலர் கிடைத்தது. அடிவிலையின் பயன் அத்தகைய ஆண்டில்தான் தெரியும்; 2025 தொடக்கத்தில் சந்தை 4 டாலரைத் தாண்டியபோது அதற்கு வேலையே இல்லை. என்னைக் கேட்டால், விலையைவிடப் பெரிய உதவி முன்பணம். சங்கம் கேட்டால், ஒப்பந்தத் தொகையில் 60 விழுக்காடு வரை வாங்குபவர் முன்கூட்டியே தர வேண்டும். மெக்சிகோவில் அறுவடைக்கு முன்பே கடன் கொடுத்துப் பழத்தை அடிமாட்டு விலைக்கு எடுக்கும் தரகரை ஓநாய் இனத்து விலங்கின் பெயரால் 'கொயோட்டே' என்றே அழைக்கிறார்கள். 1988-இல் நெதர்லாந்தில் அறிமுகமான முதல் முத்திரைக்குக் காபி அனுப்பிய, மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்துச் சங்கம், அந்தத் தரகர்களிடமிருந்து விடுபடவே தொடங்கப்பட்டது.

பதில்: மலையகத்தாள் (நுவரெலியா)

அண்ணன் சொன்ன கணக்கு, சொந்த நிலமுள்ள சிறு விவசாயிக்குப் பொருந்தும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவருக்கு நிலமும் இல்லை, விற்பதற்குச் சரக்கும் இல்லை. அங்கே சமூகத் தொகை, தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கும் குழுவின் கணக்கில் சேருகிறது, நாட்கூலியில் சேருவதில்லை. எங்கள் தோட்டத்துக் குழு லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளுக்கு, தண்ணீர்த் தொட்டி கட்டியது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன், ஏனென்றால் அதற்கு முன் குடம் தூக்கிப் பள்ளத்தில் இறங்கியவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் நிறுவைக்காரர் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோவைக் கழித்துவிட்டு, குறித்த கிலோ வரவில்லை என்று என் அம்மாவுக்கு அரைப்பேர் (அரைநாள் கூலி) போட்ட நாட்களும் அந்தத் தொட்டி கட்டிய அதே ஆண்டில்தான் வந்தன. இலங்கையில் நாட்கூலி 2021-இல் 1000 ரூபாயாகவும் 2024-இல் 1350 ரூபாயாகவும் உயர்ந்ததற்குக் காரணம் தொழிற்சங்கப் போராட்டமும் சம்பளச் சபையுமே தவிர, பொட்டலத்து முத்திரை அல்ல.

பதில்: குறிஞ்சிவாசன்

மலையகத்தாள் அம்மா சொல்வதை ஒட்டியே ஒன்று. லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் ஆய்வாளர்கள் எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் நான்கு ஆண்டுகள் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட அறிக்கை, முத்திரை பெற்ற இடங்களில் கூலியாட்களின் ஊதியம் மற்ற இடங்களைவிட உயரவில்லை, பல இடங்களில் குறைவாகவும் இருந்தது என்றது. முத்திரை அமைப்பினர் ஒப்பிட்ட முறையே சரியில்லை என்று மறுத்தார்கள். அந்தச் சர்ச்சை எப்படியிருந்தாலும், சிறு விவசாயியிடமே பறிப்புக் காலத்தில் கூலிக்கு வருபவர் சங்கத்தின் உறுப்பினர் அல்லர் என்பது உண்மை. மேலும், சங்கத்தின் சரக்கு முழுவதும் இந்த விலைக்குப் போவதில்லை. முத்திரைக்கு வாங்க ஆள் இல்லாத மூட்டைகள் சாதாரணச் சந்தை விலைக்கே விற்கப்படுகின்றன. ஆகவே, பொட்டலத்தில் சங்கத்தின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால், அவர்களிடம் எத்தனை மூட்டை வாங்கினீர்கள் என்று நிறுவனத்திடம் கேட்க ஒரு பிடி கிடைக்கும்.

தென்றல்:

மூவருக்கும் நன்றி. பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். 'பல நாட்டுக் கொட்டைகளின் கலவை' என்பதைத் தவிர எந்த ஊரின் பெயரும் இல்லை. எந்தெந்தச் சங்கம் என்று கேட்டு இன்று காலை நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே இடுகிறேன்.